எண்ணெய் விற்கும் நாடுகளும் அவை வாங்கும் பொருட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். சர்வதேச வர்த்தகப் பாடம் வந்துவிட்டால் கேள்விகள் புத்தகத்தோடு நிற்பதில்லை. அப்பா கட்டாரில், அக்கா குவைத்தில், மாமா புறக்கோட்டையில் டுபாய்ச் சாமான் விற்கிறார் என்றால் பிள்ளை கேட்கத்தானே செய்யும்? கூட்டிப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எண்ணெய் நாடு என்றால் எல்லோரும் அது எவ்வளவு விற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் அதன் இறக்குமதிப் பட்டியலைப் பார்ப்பேன். ஏன் என்பது பதில்களில் தெரியும்.

எண்ணெய் இருக்கிற நாடு என்றால் பணக்கார நாடுதானே? பிறகு நைஜீரியா ஏன் ஏழையாக இருக்கிறது?

முதலில் தலையை எண்ண வேண்டும். கட்டாரின் சனத்தொகை சுமார் 30 இலட்சம். அதிலும் கட்டார் குடிமக்கள் சில இலட்சம் பேர்தான். நைஜீரியாவிலோ 20 கோடிக்கும் மேல். நைஜீரியா நாளொன்றுக்கு 15 இலட்சம் பீப்பாய் விற்கிறது, பீப்பாய் 70 டொலர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 38 பில்லியன் டொலர் வரும். கேட்கப் பெரிய தொகைதான். 22 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 15 டொலர்கூட இல்லை. அதுவும் தோண்டும் செலவைக் கழிக்காமல். நம்முடைய காசில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபா.

இன்னொன்று, எண்ணெய் எத்தனை கைகள் வழியாகப் போகிறது என்பது. ஒரு கிலோ தேயிலை கப்பலேறுவதற்குள் கொழுந்து பறிப்பவர், தொழிற்சாலைக்காரர், லொறிக்காரர், ஏலத் தரகர், பொதி செய்பவர் என்று பலருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்துவிடும். எண்ணெயில் அப்படி இல்லை. கடலில் ஒரு மேடை, ஒரு குழாய், ஒரு டேங்கர். சில ஆயிரம் பேர் போதும். டொலர் நேரே கம்பனிக்கும் திறைசேரிக்கும் போய்விடும். அது சம்பளமாக வெளியே வருமா, மானியமாக வருமா, இறக்குமதிச் சாமானாக வருமா என்பதெல்லாம் திறைசேரிச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டச்சு நோய் என்று பாடத்தில் வருகிறதே, அதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த முடியுமா?

1959 இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் மிகப் பெரிய எரிவாயு வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. எரிவாயு ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி குவிந்து அந்நாட்டு நாணயமான கில்டரின் பெறுமதி ஏறியது. மற்ற டச்சு ஏற்றுமதிப் பொருட்கள் வெளிநாட்டாருக்கு விலை கூடிப்போய், தொழிற்சாலைகள் சுருங்கின. 1977 இல் ஒரு லண்டன் சஞ்சிகை இதற்கு டச்சு நோய் என்று பெயர் வைத்தது.

பரீட்சையில் பெரும்பாலான பிள்ளைகள் இத்துடன் பேனையை மூடிவிடுகிறார்கள். பாதிப் புள்ளிதான் கிடைக்கும். மற்றப் பாதி உள்நாட்டில் நடப்பது. எண்ணெய்க் காசை அரசாங்கம் செலவழிக்கத் தொடங்கியதும் கட்டட வேலை, கடை, அரசாங்க உத்தியோகம் எல்லாம் பெருகும், சம்பளம் கூடும். வயலிலும் சிறு தொழிற்சாலையிலும் நிற்பவர்கள் அங்கே போய்விடுவார்கள். முடிவெட்டுபவர் கட்டணத்தைக் கூட்டலாம், வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டலாம். நிலக்கடலை விற்பவரால் கூட்ட முடியாது, ஏனென்றால் அவருடைய விலை உலகச் சந்தையில் நிர்ணயமாகிறது. செலவு மட்டும் ஏறும்.

நிலக்கடலையைச் சும்மா சொல்லவில்லை. வட நைஜீரியாவின் கானோ நகரில் கடலை மூட்டைகளைப் பிரமிட் மாதிரி உயரமாக அடுக்கி, துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்காக வைத்திருப்பார்கள். கடலை, கொக்கோ, பாம் எண்ணெய் இவைதான் அந்த நாட்டின் பழைய ஏற்றுமதிகள். எழுபதுகளின் நடுவில் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், என்றாகிவிட்டது. கடலைப் பிரமிட்டுகளைக் காணவில்லை. எழுபதுகளின் வறட்சியும் பயிர் நோயும் கடலையைச் சேர்த்து அடித்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய் இல்லாத நாடாக இருந்திருந்தால் அரசாங்கம் அந்த விவசாயியைக் கைவிட்டிருக்க முடியாது. டொலருக்கு வேறு வழி இருந்திருக்காது.

கையில் காசு இருந்தால் வேண்டியதை இறக்குமதி செய்து நாட்டைக் கட்டிவிடலாமே?

இதற்கு என் பதில் எப்போதும் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகச் சீமெந்துக் கதைதான். துறைமுகத்தோடு பிழைக்கும் ஊர் என்பதால் கொழும்புக்காரருக்கு இது உடனே பிடிபடும்.

1973 இல் பீப்பாய் சுமார் 3 டொலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டொலர் அளவுக்கு ஏறியது. நைஜீரியாவில் பணம் குவிந்தது. வீதி, பாலம், படையினருக்கான குடியிருப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டப் புறப்பட்டு, ஏறக்குறைய 2 கோடி தொன் சீமெந்துக்கு அரசாங்கம் ஓடர் கொடுத்தது. அதில் பெரும்பகுதி பாதுகாப்பு அமைச்சின் ஓடர். லாகோஸ் துறைமுகத்தால் ஒரு வருடத்தில் இறக்கக்கூடியது அதில் சிறு துண்டு. 1975 இல் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தன. ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். வார்ஃபில் வேலை செய்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். சாமானைக் கொடுக்காமலே டெமரேஜில் சம்பாதிக்கலாம் என்று பழைய கப்பல்களும் வந்து வரிசையில் சேர்ந்தன. ஈரக்காற்றில் கிடந்த சீமெந்து கப்பலுக்குள்ளேயே இறுகியது. மற்ற இறக்குமதிச் சாமான்களும் பின்னால் மாட்டிக்கொண்டதால் ஊருக்குள் விலை ஏறியது. அதே வருடம் ஜூலையில் ஜெனரல் கோவனின் இராணுவ ஆட்சி கவிழ்ந்தது. சீமெந்து மட்டும் காரணமல்ல, அதுவும் ஒன்று.

டொலரை ஒரே நாளில் பெறலாம். அதை உள்வாங்கும் கிரேன், கிடங்கு, எழுதுவினைஞர், பொறியியலாளர், கணக்காய்வாளர் ஒரே நாளில் வருவதில்லை. இதன் தொடர்ச்சியாகத்தான் இன்னொரு விசித்திரம்: மசகு எண்ணெய் விற்கும் நைஜீரியா பல தசாப்தங்களாகப் பெற்றோலை இறக்குமதி செய்தது. அரச சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் ஒழுங்காக ஓடவில்லை. லாகோஸுக்கு அருகே நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் கொள்ளளவுடன் தங்கோட்டே என்ற தொழிலதிபரின் தனியார் நிலையம் 2024 இல் உற்பத்தி தொடங்கிய பிறகுதான் அந்தப் படம் மாறத் தொடங்கியிருக்கிறது.

அப்படியென்றால் நோர்வே எப்படித் தப்பியது?

ஒஸ்லோவில் உறவினர் இல்லாத வெள்ளவத்தைக் குடும்பம் குறைவு என்பதால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969 இன் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முதல் வருடம் பஸ்ராவைச் சேர்ந்த ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கியப் புவியியலாளர், தன் மகனின் மருத்துவத்துக்காக நோர்வேயில் குடியேறியிருந்தார். மனைவி நோர்வேப் பெண். வேலை தேடிக் கைத்தொழில் அமைச்சின் கதவைத் தட்டினார். எண்ணெய் கம்பனிகள் எப்படிப் பேரம் பேசும் என்பதை ஈராக்கில் உள்ளிருந்து பார்த்தவர் என்பதால் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். 1972 இல் அரச கம்பனி ஒன்றையும், அதைக் கண்காணிக்கத் தனியாக ஒரு பணிப்பகத்தையும் நோர்வே அமைத்ததில் அவருடைய கை உண்டு. விற்பவர் ஒருவர், மேற்பார்ப்பவர் வேறொருவர். ஈராக் கற்றுத்தந்த பாடத்தை நோர்வே பயன்படுத்தியது என்று சொல்லலாம்.

இனி இறக்குமதிப் பக்கத்துக்கு வருவோம். நோர்வே தனக்குத் தெரியாத தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக் கம்பனிகளிடம் வாங்கியது, ஆனால் போட்டி விலையில் உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரிலேயே வாங்கச் சொன்னது. கப்பல் கட்டும் பட்டறைகள் எண்ணெய் மேடை கட்டப் பழகின. பிறகு அந்தத் திறமையையே மற்ற நாடுகளுக்கு விற்றன. எண்ணெய் கம்பனிகளின் இலாபத்தில் 78 சதவீதம் வரியாகப் போகிறது. மிஞ்சும் பணத்துக்காக 1990 இல் சட்டம் இயற்றி ஒரு நிதியம் அமைத்தார்கள். முதல் வைப்பு 1996 இல். 2017 இல் அது ஒரு ட்ரில்லியன் டொலரைத் தாண்டியது. அந்தப் பணம் நோர்வேக்குள் முதலீடு செய்யப்படுவதில்லை, முழுக்க வெளிநாட்டில்தான், பெரும்பாலும் பங்குகளிலும் கடன் முறிகளிலும். உலகம் முழுக்கப் பட்டியலிடப்பட்ட கம்பனிப் பங்குகளில் சராசரி ஒன்றரைச் சதவீதம் இப்போது அவர்களுடையது. என் பார்வையில் இதுவும் ஓர் இறக்குமதிதான். சீமெந்துக்குப் பதில் பங்குப் பத்திரம் வாங்கியிருக்கிறார்கள், அதற்கு டெமரேஜ் கிடையாது. வருடா வருடம் நிதியத்தின் பெறுமதியில் 4 சதவீதம் அளவுதான் செலவழிக்கலாம் என்று 2001 இல் விதி வைத்தார்கள், 2017 இல் அதை 3 ஆகக் குறைத்தார்கள்.

எண்பதுகளில் நோர்வே போன நம் ஆட்கள் பலர் வடக்கே ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்தார்கள். எண்ணெய் நாட்டில் மீன் ஏற்றுமதி செத்துப்போகவில்லை என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி வேண்டியதில்லை.

"நோர்வேயைப் பார்த்துச் செய்தால் சரி" என்று மேடையில் பேசுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே கப்பல் தொழில், நீர்மின்சாரம், நேர்மையான வரித் திணைக்களம் எல்லாம் இருந்தன. சாட் நாட்டில் உலக வங்கி இதைச் சட்டம் எழுதிக் கொண்டுவரப் பார்த்தது: எண்ணெய்க் குழாய்க்குக் கடன் வேண்டுமென்றால் வருமானத்தை வறுமை ஒழிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று. 2003 இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. சில வருடங்களில் அரசாங்கம் சட்டத்தை மாற்றியது, 2008 இல் உலக வங்கி அந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொண்டது.

டுபாயில் எண்ணெய் முடிந்துவிட்டதாமே? பிறகு எப்படி ஓடுகிறது?

டுபாயிடம் பெரிதாக எண்ணெய் இருந்ததே இல்லை, அபுதாபியிடம்தான் இருக்கிறது. டுபாயில் 1966 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1950களின் கடைசியில், கடன் வாங்கி டுபாய் ஓடையை ஆழப்படுத்திவிட்டார்கள். தோணிகளும் சிறு கப்பல்களும் உள்ளே வரவேண்டும் என்பதற்காக. எண்ணெய்க் காசு வந்ததும் அதே வழியில் போட்டார்கள்: 1979 இல் ஜெபல் அலி துறைமுகம், 1985 இல் அதையொட்டிச் சுதந்திர வர்த்தக வலயம். வாங்கி மறுபடி விற்பது, அதாவது மீள்ஏற்றுமதி, அதுதான் அந்த ஊரின் தொழில். புறக்கோட்டைக் கடையில் நீங்கள் வாங்கும் "டுபாய்ச் சாமான்" அங்கே செய்தது அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

துறைமுக வசதியில் கொழும்பு அதைவிடக் குறைந்த இடமல்ல. இதற்கு மேல் சொன்னால் அரசியலாகிவிடும்.

எண்ணெய் விலை விழுந்தால் நமக்கு நல்லதுதானே?

பெற்றோல் செட்டில் நிற்கும்போது நல்லதுதான். தேயிலை ஏலத்தில் நிற்கும்போது அவ்வளவு நல்லதல்ல.

நம்முடைய தேயிலையை வாங்குபவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், லிபியா, சவுதி, அசர்பைஜான். துருக்கி போன்ற சிலரை விட்டால் இது எண்ணெய் விற்பவர்களின் பட்டியல். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் இன்று விற்பனைக்கு வருவதில் ஏறக்குறைய 60 சதவீதம் தாழ்நிலத் தேயிலை, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு தோட்டங்களில் விளைவது. கறுத்து, முறுகி, சாயம் திடமாக இருக்கும் அந்த இலையைத்தான் மத்திய கிழக்கில் விரும்புகிறார்கள். 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 115 டொலர் வரை இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே இறங்கியது. ரூபிள் விழுந்தது, ஈராக்கியரின் கை சுருங்கியது, கொழும்பில் தாழ்நிலத் தேயிலையின் ஏல விலையும் சேர்ந்து விழுந்தது. தெனியாயவில் அரை ஏக்கர் வைத்திருப்பவருடைய பச்சைக் கொழுந்து விலைக்கும் பஸ்ராவின் எண்ணெய்க்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பணம் குறைந்தது அவருக்குத் தெரியும்.

கூட்டிக் கழித்தால்? எரிபொருள் இறக்குமதிக்கு நாம் வருடத்துக்கு 4 முதல் 5 பில்லியன் டொலர் கொடுக்கிறோம். தேயிலையில் வருவது 1.3, 1.4 பில்லியன். ஆகவே விலை விழுந்தால் முதல் வருடத்தில் நமக்கு இலாபம். விழுந்த விலை நாலைந்து வருடம் அப்படியே கிடந்தால் வளைகுடாவில் கட்டட வேலை நிற்கும், ஆட்களைத் திருப்பி அனுப்புவார்கள். அப்போது கணக்கு மாறும்.

வளைகுடா நாடுகள் ஏன் இவ்வளவு வெளிநாட்டு ஆட்களை எடுக்கின்றன? அவர்களுடைய ஆட்கள் வேலை செய்ய மாட்டார்களா?

இந்தக் கேள்வியில் ஒரு கோபமும் இருக்கும், அது நியாயமானதும்கூட. ஆனால் பொருளியல் காரணம் வேறு.

எண்ணெய்க்கு முந்திய வளைகுடா முத்துக்குளிப்பில் வாழ்ந்தது. நம்முடைய மன்னார்க் கரைச் சிலாவத்துறை மாதிரித்தான். முப்பதுகளில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை முடித்துவிட்டன. ஆகவே எண்ணெய் வந்தபோது கானோவின் நிலக்கடலை மாதிரி அழிவதற்குப் பெரிய ஏற்றுமதி எதுவும் இல்லை, ஆட்களும் குறைவு. ரியால், திர்ஹம் எல்லாம் டொலரோடு கட்டப்பட்டவை. 1986 இலிருந்து ஒரு டொலருக்கு 3.75 சவுதி ரியால்தான். கட்டட வேலை பெருகினால் சம்பளம் எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை. ஏன்? ஆட்களை இறக்குமதி செய்தார்கள். கேரளாவிலிருந்து, பெஷாவரிலிருந்து, பிலிப்பைன்ஸிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, புத்தளத்திலிருந்து, மருதானையிலிருந்து. ஐக்கிய அரபு அமீரகத்தில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். டச்சு நோயின் சம்பளப் பக்கத்தை அவர்கள் தடுத்தது நம் ஆட்களை வைத்துத்தான். முதலாளியின் அனுசரணையில் மட்டும் தங்கவிடும் கஃபாலா முறை, கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது, வேலை மாற விடாதது எல்லாமே அந்தச் சம்பளத்தைக் கீழே வைத்திருக்க உதவின. கட்டார் 2020 இல்தான் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது.

நம் பக்கத்தில் அந்தக் காசு எப்படி வருகிறது என்பதும் வர்த்தகம்தான். 2020 இல் வங்கிகள் வழியாக 7.1 பில்லியன் டொலர் வந்தது, 2022 இல் 3.8 பில்லியன். அக்காமார் சம்பளம் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள், வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். யாராக இருந்தாலும் உண்டியலில்தான் போடுவார்கள். நாணய மாற்று வீதம் நிலைக்கு வந்ததும் 2023 இல் 6 பில்லியனை நெருங்கியது, 2024 இல் 6.5 பில்லியனைத் தாண்டியது.

குவைத் தினார் டொலரைவிடப் பெரிதாக இருக்கிறதே, அப்படியென்றால் குவைத் அமெரிக்காவைவிடப் பணக்கார நாடா?

இல்லை. ஒரு நாணய அலகு எவ்வளவு பெரிதாக வெட்டப்பட்டது என்பதற்கும் செல்வத்துக்கும் தொடர்பில்லை. ஜப்பானிய யென்னைப் பாருங்கள். குவைத்தின் உண்மையான பலம் வேறிடத்தில்: சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 1953 இல், எண்ணெய்க் காசை லண்டனில் முதலீடு செய்ய ஒரு சபை அமைத்துவிட்டார்கள். உலகின் முதல் அரச முதலீட்டு நிதியம் அதுதான்.

உணவுக்கு ஏன் வெளிநாட்டை நம்ப வேண்டும்? சொந்தமாக விளைவிக்கலாமே?

சவுதி செய்து பார்த்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து உலக விலையைவிடப் பல மடங்கு கொடுத்து உள்ளூர்க் கோதுமையை அரசாங்கம் வாங்கியது. பாலைவனத்தின் நடுவில் வட்ட வட்டமாகப் பச்சை வயல்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோதுமை ஏற்றுமதி செய்யும் நிலைக்கும் வந்துவிட்டது. அந்தக் கோதுமைக்குப் பாய்ந்தது ஆயிரக்கணக்கான வருடங்களாக நிலத்தடியில் தேங்கிய, திரும்ப ஊறாத தண்ணீர். 2008 இல் திட்டத்தைப் படிப்படியாக முடிக்க முடிவெடுத்து, 2016 இல் உள்ளூர்க் கொள்வனவை நிறுத்தினார்கள். தண்ணீர் இல்லாத நாடு கோதுமையை வாங்குவதுதான் புத்தி.

மறுபக்கம் கட்டார். 2017 ஜூனில் சவுதி தரைவழி எல்லையை மூடியது. அதுவரை பால், தயிர் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. விமானத்தில் பசுக்களை ஏற்றிவந்து குளிரூட்டிய கொட்டகைகளில் கட்டினார்கள். சில வருடங்களுக்குள் சொந்தப் பாலுக்கு வந்துவிட்டார்கள். லீற்றர் கணக்குப் பார்த்தால் அநியாயச் செலவு. ஆனால் ஒரே வாசலை நம்பியிருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இரண்டாம்பட்சம். தடை 2021 ஜனவரியில் நீங்கியது, பசுக்கள் அங்கேயே இருக்கின்றன.

வெனிசுவேலா விழுந்தது அமெரிக்கத் தடையாலா, தவறான ஆட்சியாலா?

இரண்டாலும். ஆனால் வரிசை முக்கியம். 2003 இல் நாணயக் கட்டுப்பாடு வந்தது. மலிவு வீதத்தில் டொலர் வாங்க அனுமதி உள்ளவருக்கு உணவை இறக்குமதி செய்வது, விளைவிப்பதைவிட இலாபம். ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். நூறு டொலர் விலையிலும் சேமிப்பு இல்லை, கடன்தான் ஏறியது. 2014 இல் விலை விழுந்ததும் இறக்குமதி நின்றது, கடை அலுமாரிகள் காலியாகின, பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனது. அரச எண்ணெய் கம்பனி மீதான அமெரிக்கத் தடை 2019 ஜனவரியில். ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த ஏற்றுமதியை அது இன்னும் கீழே தள்ளியது.

எண்ணெய் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

அறுபதுகள் வரை ஒரு கைப்பிடி மேற்கத்தியக் கம்பனிகள். அவை 1960 ஓகஸ்டில் நாடுகளைக் கேட்காமல் விலையைக் குறைத்தன. அடுத்த மாதமே பக்தாத்தில் ஈராக், ஈரான், குவைத், சவுதி, வெனிசுவேலா கூடி எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கை அமைத்தன. இன்று சந்தை, ஒபெக்கின் உற்பத்தி ஒதுக்கீடு, பாறையை உடைத்து எடுக்கும் அமெரிக்க ஷேல் எண்ணெய், போர்கள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

வாங்குபவர் பக்கத்தில் நமக்கும் ஒரு கதை உண்டு, பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும். 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைத்து, ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகியவற்றின் விநியோகச் சொத்துகளில் ஒரு பகுதியைச் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சோவியத் யூனியனிலிருந்து மலிவாக எண்ணெய் வந்தது. நட்டஈட்டுத் தகராற்றில் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965 இல் டட்லி சேனாநாயக்க வந்த பிறகுதான் அது தீர்ந்தது. விற்கும் நாடுகள் மட்டுமல்ல, வாங்கும் சிறிய நாடும் அந்தக் கம்பனிகளோடு மோதிப் பார்த்திருக்கிறது.

ஈரானுக்குத் தேயிலை கொடுத்து எண்ணெய்க் கடன் அடைக்கிறோமாமே, அது எப்படி?

சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் தொடங்கப்பட்டது, ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்ற மாதிரி அமைந்தது. தடைகள் இறுகியபோது 2012 இல் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலரைக் கட்ட வழியில்லாமல் போனது. 2021 டிசம்பரில் உடன்பாடு: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை. ஏற்றுமதியாளருக்கு இங்கே ரூபாவில் பணம் கிடைக்கும், அங்கே இறக்குமதியாளர் ரியாலில் கட்டுவார், டொலர் எல்லை தாண்டாது. 2023 இல் அது நடைமுறைக்கு வந்தது. தடை விழுந்த எண்ணெய் நாட்டுக்கு உலகம் இப்படித்தான் தெரியும். எண்ணெயை விற்கலாம், ஆனால் விற்ற காசில் விரும்பியதை வாங்க முடியாது. வாங்குபவர் கொடுப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹோர்முஸ் நீரிணை பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி பீப்பாய், உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு, பாரசீக வளைகுடாவின் வாயிலுள்ள அந்த ஒடுக்கமான வழியால் போய்வந்திருக்கிறது. சவுதிக்குச் செங்கடல் வரை ஒரு குழாயும், அமீரகத்துக்கு ஃபுஜைரா வரை ஒரு குழாயும் உண்டு. குவைத்துக்கும் கட்டாருக்கும் அப்படி எதுவும் இல்லை.

எண்ணெய் எடுக்கும் ஊருக்கு என்ன கிடைக்கும்?

பெரும்பாலும் புகை. நைஜர் டெல்டாவில் ஒலோய்பிரி கிராமத்தில் 1956 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது, 1958 இல் ஏற்றுமதி தொடங்கியது. அங்கே மீன்பிடித்தும் பயிர்செய்தும் வாழ்ந்தவர்களின் கழிமுகத்தில் எண்ணெய் கசிந்தது, எரிவாயுவை இரவு பகலாக எரித்தார்கள். எதிர்த்துப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை இராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. டெல்டாவின் ஒகோனிப் பகுதியைச் சுத்தப்படுத்த 25, 30 வருடம் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றாடல் அமைப்பு 2011 இல் சொன்னது. எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13 சதவீதம் அது எடுக்கப்படும் மாநிலங்களுக்கு என்று 1999 அரசியலமைப்பு சொல்கிறது. அது மாநில ஆளுநர் அலுவலகம் வரை போகிறது. அலாஸ்காவில் 1982 இலிருந்து எண்ணெய் நிதியத்தின் வருமானத்தில் ஒவ்வொரு வதிவாளருக்கும் நேரே காசோலை அனுப்புகிறார்கள். ஆளுநர் வழியாக அல்ல.

மன்னாரில் எண்ணெய் எடுத்தால் நாமும் டுபாய் ஆகிவிடுவோமா?

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இதைக் கேட்டார்கள். ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாவுக்குப் போன நாட்களில் யார்தான் கேட்காமல் இருப்பார்கள்?

மன்னார்ப் படுகையில் 2011 இல் கெய்ர்ன் கம்பனி இரண்டு இடங்களில் கண்டது முதன்மையாக எரிவாயு. ஆயிரம் மீற்றருக்கும் அதிக ஆழமான கடல். கம்பனி 2015 இல் விலகிப் போனது. 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. வணிக ரீதியான உற்பத்தி இன்னும் இல்லை.

வந்தால் என்ன பார்க்க வேண்டும்? முதலில் ஒப்பந்தம். தென் அமெரிக்காவின் கயானா 2016 இல் கையெழுத்திட்டதைப் பாருங்கள்: அரசாங்கத்துக்கு உரிமைத்தொகை 2 சதவீதம், உற்பத்தியில் 75 சதவீதம் வரை கம்பனி முதலில் செலவுக்கென்று எடுத்துக்கொள்ளலாம். 2019 டிசம்பரில் எண்ணெய் ஓடத் தொடங்கி, 2022 இல் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. எண்கள் பிரமாதம். அந்தச் சரத்துகள் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. பிறகு மீனவர்: சிலாவத்துறை, பேசாலை, தலைமன்னார்க் கடலில் யாருக்கு எவ்வளவு தூரம் வலை போடத் தடை, நட்டஈடு யார் கையால் வரும் என்பது தோண்டும் கப்பல் வருவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

டச்சு நோய்க்கு நாம் பயப்படத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். எரிவாயு கிடைத்தால் அது பெரும்பாலும் ஏற்றுமதியாகாது. கெரவலப்பிட்டிய மின்நிலையத்தில் நாம் இறக்குமதி எண்ணெயை எரிக்கும் இடத்தில் அது எரியும். டொலர் வந்து கொட்டப் போவதில்லை, வெளியே போவது குறையும். ஆகவே கேட்க வேண்டியது மன்னாரில் எத்தனை பில்லியன் கிடக்கிறது என்பதை அல்ல: மன்னாரிலிருந்து கெரவலப்பிட்டிய வரை குழாய்க்கு யார் காசு போடுவார், மின்நிலையம் அந்த வாயுவை என்ன விலைக்கு வாங்கும், அந்த விலை ரூபாவிலா டொலரிலா?